மாத்த துவா

‘பட்’ என்று ஒரு சத்தம். பலகைச் சுவரில் இருந்த பியூஸ் பெட்டியிலிருந்து நூல் போலப் புகை எழுந்தது. என் மூக்குக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடல் பக்கம் போனது.

“மூணாவது,” என்றார் எஞ்சின் டிரைவர் ராமையா அண்ணன். கீழே எஞ்சின் அறையிலிருந்து தலை மட்டும் வெளியே தெரிந்தது. “இன்னும் எத்தன வச்சிருக்கே தம்பி? பியூஸ் கம்பிய முழம் கணக்குல வாங்கிட்டு வந்தியா?”

ஜொகூர் பாரு படகுத்துறை. சனிக்கிழமை. பகல் பதினோரு மணி இருக்கும். ‘மெலோர்’ என்ற மர லாஞ்சின் சுக்கான் அறையில், ஆணியில் தொங்கிய படகோட்டியின் சட்டைக்கும் கருவாட்டுக் கூடைக்கும் நடுவே நான் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் மேலிருந்து வெயில் எதிரடித்துக் கூரைப் பலகையில் நெளிந்தது. அத்தனை வெளிச்சத்திலும் எனக்கு வேண்டியிருந்தது இரண்டே இரண்டு சின்ன வெளிச்சங்கள். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை.

நாலு மணிக்குத் துறைமுகத் துரை வந்து பார்ப்பார். இரண்டும் சேர்ந்து எரிந்தால், பொழுது சாய்ந்த பிறகும் கோத்தா திங்கிக்கு ஓட லாஞ்சுக்கு அனுமதிச் சீட்டு. எனக்கு வேலை.

எரியாவிட்டால் என்ன என்பதை ஆறுமுக மேஸ்திரி வியாழக்கிழமை மாலையே சொல்லிவிட்டார். எங்கள் மின்சாரப் பட்டறையில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“ஒரு வாரம் பாத்தாச்சு. வாயி நல்லா இங்கிலீசு பேசுது. கையி பேசுதான்னு பாக்கணும். மெலோர் லாஞ்சு வெளக்கு ரெண்டையும் நீயே தனியா மாத்து. துரை பாஸ் பண்ணா திங்கக்கெழம வா. இல்லேன்னா, ஒங்க லாபிஸுக்குக் காலையிலேயே ரயிலு இருக்கு.”

யோங் பெங் வாசகருக்கு

இந்தத் தொடரில் சென்ற வாரம், நான் தகரப் பெட்டியோடு ஜொகூர் பாரு ஸ்டேஷனில் இறங்கிய கதையைப் படித்துவிட்டு, யோங் பெங்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பால்மரம் வெட்டுகிறவர் மகனுக்கு மின்சாரத்தின் மேல் எப்படி ஆசை வந்தது என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

எங்கள் தோட்டம் லாபிஸுக்கு உள்ளே தள்ளி இருந்தது. நாங்கள் குடியிருந்த லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. துரை பங்களாவில் மட்டும் டைனமோ. ஆறு மணிக்கு அது ‘டுக் டுக்’ என்று தொடங்கும். பங்களாவின் பல்புகள் முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, பிறகு வெள்ளையாகும். ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகும் சாக்கில் வேலியோரம் நின்று எண்ணுவேன். பதினான்கு. ஒரு நாள் பதின்மூன்றுதான் எரிந்தது. அந்தப் பதினான்காவதுக்கு என்ன ஆகியிருக்கும் என்று சோறு இறங்காமல் கிடந்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இன்றுவரை திரிகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். இங்கிலீசு ஏழாவது வரை வந்தேன். நான் பட்டறையில் சேர்ந்த செய்தியை அப்பா லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். “எம் மகன் கரண்டு வேலைக்குப் போயிருக்கான்.” கரண்டு என்றால் என்ன என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். “அது கண்ணுக்குத் தெரியாத வேல” என்று பதில் சொல்லியிருக்கிறார். ரப்பர் விலை விழுந்து, பாதித் தோட்டம் வெட்டாமல் கிடந்த சமயம் அது. திரும்பிப் போனால் எனக்கு அங்கே வெட்ட மரம்கூடக் கிடையாது.

படித்தவன் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. மறைக்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து இங்கிலீசில் எழுதிக்கொள்வேன். நெஞ்சு நிமிர்த்தி எழுதுவேன். இந்த வாரக் கதையே அந்த நோட்டில் எழுதிய ஒரு வரியைப் பற்றியதுதான்.

செராங் சொன்னது

லாஞ்சை ஓட்டும் தலைவருக்கு செராங் என்று பெயர். மெலோரின் செராங் பாக் டேரிஸ், மலாய்க்காரர், ஐம்பது வயசிருக்கும். ‘பாக்’ என்பது பெரியவர்களை மலாயில் மரியாதையாகக் கூப்பிடும் சொல். தமிழ் ஆட்களோடு பல வருஷம் ஓடியதால் அவர் வாயில் கொஞ்சம் தமிழ் ஒட்டியிருந்தது. அதில் அவருக்குப் பெருமை. ஆனால் அத்தனையும் சரக்கு ஏற்றுகிறவர்களிடம் பொறுக்கிய தமிழ். ‘ஏத்து’, ‘இறக்கு’, ‘தள்ளு’, ‘மாத்து’. பெரியவர் சின்னவர் பேதம் கிடையாது. லாஞ்சு முதலாளியைக்கூட ஒரு நாள் “தள்ளு” என்று சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை நான் அளவெடுக்கப் போனபோது அவரே கூட வந்து காட்டினார். சுக்கான் அறையின் முன்னால், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பித்தளைக் கைப்பிடி ஓடுகிறது. அதன் இரண்டு முனையிலும் பித்தளை விளக்குக் கூண்டுகள் முடுக்கப்பட்டிருந்தன. கூண்டுக்குள் பல்பு மாட்டும் ஹோல்டர் இரண்டும் உப்புத் தண்ணீரில் பச்சைக் களிம்பு ஏறி, உடைந்த பல்பின் அடித்தகரத்தை விடாமல் கடித்துக்கொண்டிருந்தன.

பாக் டேரிஸ் கெட்டுப்போன வயர் ஒன்றைக் காட்டி, “மாத்து” என்றார். மாற்றினேன். பிறகு விளக்கைக் காட்டி, “இத்து லம்பு, மாத்த துவா” என்றார்.

நான் தலையாட்டினேன். ‘இத்து லம்பு’, அந்த விளக்கு. ‘துவா’, இரண்டு. நடுவில் தமிழ். அந்த விளக்கு இரண்டையும் மாற்ற வேண்டும். மேஸ்திரி சொன்னதும் அதுதானே. எங்கள் தோட்டத்தில் எல்லோரும் பேசுவதே அப்படித்தான். அம்மா என்னைக் கடைக்கு அனுப்பும்போது, “இந்த சபுன் சரியில்ல, துவா கட்டி வேற மாத்திட்டு வா” என்பாள். எது தமிழ், எது மலாய் என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

நோட்டை எடுத்தேன். ‘விளக்கு. இரண்டு மாற்றவும்’ என்று அழகான இங்கிலீசில் எழுதி, கீழே கோடும் போட்டேன்.

எல்லாம் பொருந்தியது

சாமான் வாங்கப் படகுத்துறைக்குப் பின்னால் இரண்டு கடைகள். ஒன்று நாகூர்க்காரர் நானாவின் கப்பல் சாமான் கடை. உள்ளே இருட்டு, தாருக்கும் கயிற்றுக்கும் உள்ள வாசனை, எந்தப் பெட்டிக்கும் பெயர் கிடையாது. இன்னொன்று மோட்டார் வண்டிச் சாமான் விற்கிற கடை. கண்ணாடி அலமாரி. ஒவ்வொரு பெட்டி மேலும் இங்கிலீசு எழுத்து.

நான் எந்தக் கடைக்குப் போயிருப்பேன் என்று வாசகர்களுக்கே தெரியும்.

ஒன்றும் யோசிக்காமல் வாங்கினேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பாட்டரியில் இருபத்துநாலு வோல்ட் என்று பார்த்து, அதே வோல்ட் பல்பு கேட்டேன். லாரிக்கு வருவது இருந்தது. வயரின் தடிப்பை விரலில் உருட்டிப் பார்த்திருந்தேன், துளையில் சரியாக நுழைந்தது. திருகாணிக் குழிகளுக்கு இடையில் உள்ள தூரத்தைக் காகிதத்தில் குத்தி எடுத்துப் போயிருந்தேன், அதுவும் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. திங்கட்கிழமை போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையைக்கூட மனசுக்குள் எடுத்து வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பச்சை விளக்கை முடுக்கி ஸ்விட்சைத் தட்டினேன். எரிந்தது. சிவப்பை முடுக்கித் தட்டினேன். பட்.

பச்சையைக் கழற்றி வைத்தால் சிவப்பு எரிகிறது. சிவப்பைக் கழற்றினால் பச்சை எரிகிறது. இரண்டும் கூண்டில் இருந்தால் பியூஸ் போகிறது. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் போனது.

பாக் டேரிஸ் சுருட்டை வாயிலிருந்து எடுத்து மலாயில் ஏதோ சொன்னார். ராமையா அண்ணன் சிரித்துக்கொண்டே எனக்குத் தமிழில் இறக்கினார்.

“ரெண்டு பொண்டாட்டிக்காரன் வீடாம் தம்பி. ஒருத்தி சிரிச்சா இன்னொருத்தி அடுப்ப அணைச்சிருவாளாம். அவருக்கு அனுபவம் உண்டு, கேட்டுக்க.”

கைப்பிடியில் கரண்டு

“செவப்புல அந்த ரெண்டு வயரையும் எடம் மாத்திக் குடுத்துப் பாரேன்,” என்றார் ராமையா அண்ணன். சிரித்தாலும் உதவுகிற மனுஷர்.

வயர் இரண்டும் வெயிலில் ஒரே நிறமாகக் கறுத்திருந்தன. எது எங்கே போகிறது என்று தெரியாமல்தான் கொடுத்திருந்தேன். இடம் மாற்றினேன். ஸ்விட்சைத் தட்டினேன்.

இரண்டும் எரிந்தன.

சிவப்பு, பச்சை. பகல் வெயிலில் மங்கலாகத்தான் தெரிந்தன, ஆனால் எரிந்தன. கால் தரையில் பாவவில்லை எனக்கு. பன்னிரண்டுகூட ஆகவில்லை. ராமையா அண்ணன் தன் நீள ஸ்பானரைப் பித்தளைக் கைப்பிடி மேல் சாய்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். ஸ்பானர் மெல்லச் சரிந்தது. அதன் மறு நுனி, திறந்து கிடந்த பியூஸ் பெட்டிக்குள் லேசாக உரசியது.

பட். நீலமாக ஒரு பொறி. நாலாவது.

“பொட்டிக்கு மூடி இருக்கில்ல, மூடிரு,” என்றார் அவர். “தொரை என்ன ஸ்பானரோடயா வரப் போறாரு? மூடிட்டா எரியும்.”

எரியும். அவர் சொன்னது பொய்யில்லை. பியூஸைக் கட்டி, மூடியைப் போட்டுவிட்டு நாலு மணி வரை வாழைப்பழம் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தால் திங்கட்கிழமை வேலை எனக்கு.

ஆனால் என் கண் அந்தக் கைப்பிடியை விட்டு நகர மறுத்தது. அலை ஆடும்போது ஆள் பிடித்துக்கொள்ளும் பித்தளைக் கம்பி அது. அதில் எப்படிக் கரண்டு வந்தது? மோட்டார் வண்டியில் போகிற வழிக்குத்தான் வயர், திரும்பி வருகிற வழி வண்டியின் இரும்பு உடம்பு. இந்தப் படகிலோ ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு வயர் ஓடுகிறது. போக ஒன்று, வர ஒன்று. பின்னே கைப்பிடிக்கு நடுவில் என்ன வேலை? கடலில் போகிறபோது ஈரச் சங்கிலி ஒன்று அதன் மேல் விழுந்து, எங்கேயாவது இன்னொரு வயரைத் தொட்டால் இரண்டு விளக்கும் ஒன்றாக அணையும். எதிரே வருகிற கப்பலுக்கு இந்த லாஞ்சே இருக்காது.

பெட்டியை மூடவில்லை. என் சாமான் டப்பாவைக் கவிழ்த்து, தூக்கிப் போட வைத்திருந்த பழைய ஹோல்டர் ஒன்றை எடுத்தேன். வாங்கிய சாமானை அத்தனை அளந்தவன், இதன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

புளியும் பித்தளையும்

ராமையா அண்ணன் மீன் குழம்புக்கு வைத்திருந்த புளியில் ஒரு உருண்டை கேட்டேன். “பசிக்குதா?” என்றார். குறடால் உடைந்த பல்பின் தகரத்தைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தேன். புளியை உள்ளே வைத்து, தென்னை ஈர்க்கால் குடைந்து, கடல் தண்ணீரில் அலசினேன். பச்சைக் களிம்பு கரைந்து விரலெல்லாம் வழிந்தது. இன்னொரு தடவை தேய்த்தேன். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

உள்ளே இரண்டு மஞ்சள் புள்ளிகள் பளிச்சென்று என்னைப் பார்த்தன.

நான் வாங்கியதில் நடுவில் ஒரே ஒரு புள்ளி. கரண்டு அதன் வழியாக உள்ளே போய், ஹோல்டரின் உடம்பு வழியாக வெளியே வருகிறது. அது வண்டிக்கு. இதில் இரண்டு புள்ளி. ஒன்றில் போய் மற்றதில் வருகிறது. உடம்புக்கும் கரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. என் ஹோல்டரின் உடம்பு கூண்டைத் தொட்டு, கூண்டு கைப்பிடியைத் தொட்டு, கைப்பிடி அடுத்த கூண்டைத் தொட்டு, இரண்டு விளக்கும் அந்தப் பித்தளை வழியாகக் கட்டிப் பிடித்து அடித்துக்கொண்டிருக்கின்றன.

இரண்டு புள்ளி. இரண்டு கண் மாதிரி.

கண்.

ஓடிப் போய்ப் பாக் டேரிஸ் முன்னால் நின்றேன். “பாக், நேத்து என்ன சொன்னீங்க? இத்து லம்பு…?”

“மாத்த துவா,” என்றார் அவர், இதில் என்ன புதுசு என்கிற மாதிரி. இரண்டு விரலை நீட்டித் தன் இரண்டு கண்ணையும் தொட்டுக் காட்டினார்.

மலாயில் ‘மாத்தா’ என்றால் கண். நாலு வயசுப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஜொகூர்க்காரர்கள் கடைசி எழுத்தைத் தேய்த்து ‘மாத்த’ என்பார்கள். அன்று அதற்குச் சற்று முன்னால்தான் அவர் தமிழில் ‘மாத்து’ என்று சொல்லியிருந்தார். அந்த விளக்குக்கு இரண்டு கண் என்று அந்த மனுஷர் வெள்ளிக்கிழமை காலையிலேயே அட்சரம் பிசகாமல் சொல்லிவிட்டார். நான்தான் அதை இங்கிலீசில் எழுதிக் கோடும் போட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் ராமையா அண்ணன் எஞ்சின் அறை ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். பாக் டேரிஸ் சிரித்த சிரிப்பில் சுருட்டு தண்ணீரில் விழுந்தது.

ஒன்றுதான் இருந்தது

நானா கடைக்கு ஓடினேன். கல்லாவில் இருந்தவர் என் கையிலிருந்த புது ஹோல்டரைப் பார்த்ததும் வாங்கி, கட்டை விரலை உள்ளே விட்டுத் தடவினார்.

“ஒத்தக் கண்ணு. அடுத்த கடையா?”

“ஆமா நானா.”

“கண்ணாடி அலமாரி அழகாத்தான் இருக்கும். ஒத்தக் கண்ணன வச்சுக்கிட்டுக் கடல்ல போகப் போறியளோ? இருங்க வாறேன்.” இருட்டுக்குள் போய், எதையோ உருட்டி, தேங்காய் எண்ணெய் தடவிய துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். பிரித்தார். இரண்டு கண். திருகாணிக் குழியும் பொருந்தியது. “பல்பு எத்தன வேணும்னாலும் இருக்கு. ஹோல்டர் இது ஒண்ணுதான் தம்பி.”

“இன்னொண்ணு?”

“சிங்கப்பூர்ல கெடைக்கும். சனிக்கெழம, அவன் மத்தியானமே சாத்திருப்பான். திங்கக்கெழம வாங்களேன்.”

திங்கட்கிழமை என்ற வார்த்தையை அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

ஒரு ஹோல்டரும் இரண்டு பல்புமாகப் படகுத்துறைக்கு நடந்தேன். பழைய இரண்டும் உப்பில் இற்றுப் போனவை, திரும்ப மாட்ட முடியாது. பாதி வழியில் என் கால் தானாக நின்றது. ராமையா அண்ணனின் எஞ்சின் அறையில் ஒரு விளக்கு எரியுமே. அதுவும் இந்தப் படகோடு பிறந்ததுதானே. கரி படிந்து கிடக்கும், ஆனால் அங்கே உப்புத் தண்ணீர் எட்டாது. மறுபடி ஓடினேன்.

இரண்டு கண். கழற்றித் துடைத்ததும் எஞ்சின் அறை ஹோல்டர் புதுசாக இருந்தது.

“எங்கிட்டேயே கைய வைக்கிறியா?” என்றார் ராமையா அண்ணன். “நான் இருட்டுல எஞ்சின் பாக்கவா?”

“இல்லண்ணே. ஒத்தக் கண்ணன உங்களுக்குப் போட்டுத் தர்றேன். இங்க சுத்தியும் மரம், கைப்பிடி கிடையாது. தனியா இருக்கிறவன், யாரோட சண்ட போடப் போறான்?”

“தனியா இருக்கிறவன் என்னைச் சொல்றியா, வெளக்கச் சொல்றியா?”

மூன்றரைக்கு இரண்டு விளக்கும் எரிந்தன. ஸ்பானரை எடுத்துக் கைப்பிடிக்கும் பியூஸ் பெட்டிக்கும் நடுவில் நானே வைத்தேன். பொறி வரவில்லை. இன்னொரு முனையிலும் வைத்தேன். எதுவும் இல்லை. கைப்பிடி வெறும் கைப்பிடியாகிவிட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேகத்தில் ஸ்விட்சும் பழசாக இருக்கிறதே என்று அதன் மூடியைத் திருகத் தொடங்கினேன்.

“டேய், போதும், மாத்தாதே,” என்று அலறினார் ராமையா அண்ணன்.

பாக் டேரிஸ் காதைத் தீட்டினார். அது என்ன, புதுசாக ‘மாத்தா’, அதன் வாலில் ஒரு ‘தே’? ராமையா அண்ணன் விளக்கினார். மாற்றாமல் அப்படியே விட்டுவிடு என்று அர்த்தம். செராங் அந்த வார்த்தையை இரண்டு தடவை வாய்க்குள் போட்டு மென்றார்.

நாலு மணி

துரை வந்தார். மேஸ்திரியும் வந்து, பலகைப் பாலத்தின் மேலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். துரை கூண்டுகளைத் திறந்தார், உள்ளே குனிந்து பார்த்தார், கைப்பிடியைத் தட்டினார். விளக்குகளை அணைத்து ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். எழுதத் தொடங்கியவர் பேனாவை நிறுத்தி, மாற்றியதில் பழைய வயருக்குப் பொருந்தாதது ஏதாவது உண்டா என்று என்னிடம் இங்கிலீசில் கேட்டார்.

ராமையா அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எஞ்சின் அறையைக் காட்டி உள்ளதைச் சொன்னேன். ஒற்றைக் கண் ஹோல்டர் ஒன்று அங்கே இருக்கிறது, மரத்தில்தான் முடுக்கியிருக்கிறேன், இரண்டு கண் உள்ளது கிடைத்ததும் மாற்ற வேண்டும்.

அவர் ஏணியில் இறங்கிப் போய்ப் பார்த்தார். அந்த இரண்டு நிமிஷம் மிகவும் நீளம். மேலே வந்து, ஒரு வாரத்துக்குள் அதையும் மாற்றிவிடச் சொல்லி, சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் மேஸ்திரி இறங்கி வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“எத்தன பியூஸு போச்சு?”

“நாலு, மேஸ்திரி.”

“நாலு,” என்றார். நான் டப்பாவை மூடினேன். என் காதில் லாபிஸ் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது.

அப்போது பாக் டேரிஸ் சுக்கான் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மேஸ்திரியை ஒரு விரலால் கூப்பிட்டார். அதே விரலால் என்னைக் காட்டினார். தமக்குத் தெரிந்த மொத்தத் தமிழையும் திரட்டிச் சொன்னார்:

“இனி ஓராங், மாத்தாதே.”

மலாயில் ‘இனி ஓராங்’ என்றால் இந்த ஆள். தமிழில் இனி என்றால் இனிமேல். அவர் எந்த இனியைச் சொன்னாரோ, மேஸ்திரி காதில் எந்த இனி விழுந்ததோ, நான் கேட்கவில்லை. மேஸ்திரியின் மீசை மட்டும் கொஞ்சம் அசைந்தது.

“சரி பாக்,” என்றார். “மாத்தல.”

திங்கட்கிழமை காலை லாபிஸ் ரயில் கூவிக்கொண்டு போனது பட்டறைக்குள் நன்றாகக் கேட்டது. நான் ஏணி மேல் இருந்தேன். வாயில் இரண்டு திருகாணி இருந்ததால் சிரிக்க முடியவில்லை.